கணக்கில் வராத நாள்கள்

1943 ஜூன் மாதம். புதுக்கோட்டையில் கல்லூரி அலுவலகத்தின் சன்னலுக்கு முன்னால் அடைக்கலம் போய் நின்றபோது, உள்ளே இருந்த தலைமைக் குமாஸ்தா பழனிச்சாமி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“பையனை முன்னால வரச் சொல்லுங்க. அப்பன்மார் கையெழுத்தெல்லாம் அப்புறம்.”

“பையன் இல்லீங்க. நான்தான் சேரணும்.”

பழனிச்சாமி நிமிர்ந்தார். சன்னலுக்கு வெளியே நின்றவருக்கு முப்பத்தொரு வயது. காதோரம் நரை விழுந்திருந்தது. வெயிலில் நடந்து வந்ததால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எஸ்.எஸ்.எல்.சி. எந்த வருசம்?”

“முப்பத்தொண்ணுங்க.”

“நான் இந்த நாற்காலிக்கு வாரதுக்கு முந்தியே பாஸ் பண்ணியிருக்கீங்க” என்றார் பழனிச்சாமி. பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் மட்டும் கல்லூரியில் சேர்ந்துவிட முடியாது. மதிப்பெண்களைப் பார்த்து, இன்னார் கல்லூரிப் படிப்புக்குத் தகுதி என்று தனியாக அறிவிப்பார்கள். தேறியவர்களில் பலருக்கு அந்தத் தகுதி கிடைக்காது. அடைக்கலத்துக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரு வசதி, தகுதிக்குக் காலாவதி கிடையாது. பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் அது தகுதிதான். அப்படி ஒரு விதி இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அடைக்கலத்துக்குச் சரியாக உறக்கம் பிடிக்கவில்லை. செவந்திதான், “தூங்காமக் கெடக்கிறதுக்குப் போய்ச் சேந்துட்டு வாங்க மச்சான்” என்றாள். செவந்தி அவன் மனைவி; அவன் அப்பா சேவுகனின் அக்காள் மகள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏன் சேரவில்லை என்று கல்லூரி முதல்வர் கேட்டார். வீட்டுச் சூழ்நிலை என்றான் அடைக்கலம். இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். அன்னவாசல் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்ததாகவும், படிப்புக்கு லீவு தர மறுத்ததால் வேலையை விட்டுவிட்டதாகவும், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகவும் சொன்னான். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு இடம் ஒரு பையனுக்குப் போகவேண்டியது. அதை உமக்குத் தருகிறேன். இந்த வருடத்தை வீணாக்கினால் மறுபடியும் என்னிடம் வரக்கூடாது.”

அடைக்கலத்தின் நிலைமை இவ்வளவுதான். இன்டர்மீடியட் என்ற இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடத்தைச் சரியாக முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கல்லூரியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வானம் பார்த்த இரண்டு துண்டு நிலமும் ஒரு பொதுக்கிணற்றில் கால் பங்கும்தான் மிச்சம்.

கணக்கு, பௌதிகம், ரசாயனம் எடுத்துக்கொண்டான். வகுப்பில் ஆங்கில எழுத்து வரிசைப்படி உட்கார வைத்தார்கள். அடைக்கலம் என்ற பெயர் வரிசையில் முதலாவதாக வந்தது. ஆகவே முதல் பெஞ்சில் முதல் இடம். பன்னிரண்டு வருடம் உழவும் நடையுமாக இருந்த அகன்ற தோள் அவனுக்கு. பின்னால் இருந்த நாகராசு என்ற ஆலங்குடிப் பையன் இரண்டாம் நாளே முதுகைத் தட்டினான்.

“மாமா, கொஞ்சம் குனிங்க. கரும்பலகை தெரிய மாட்டேங்குது.”

“நான் ஒனக்கு எப்படிடா மாமா?”

“பொண்ணு இல்லையாக்கும்? அப்போ அண்ணேன்னு கூப்புடுறேன். குனிங்க.”

குனிந்துகொண்டான். அந்தப் பையன்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. கேலி செய்தார்கள், ஆனால் கெட்டவர்கள் இல்லை. ஆங்கிலத்தில் விரிவுரை வேகமாகப் போகும்போது நாகராசு எழுதியதைப் பார்த்து அடைக்கலம் எழுதிக்கொள்வான். பதிலுக்கு, கணக்கில் நாகராசு தடுக்கி விழுகிற இடத்தில் அடைக்கலம் தூக்கிவிடுவான்.

கல்லூரிக்கு வருவதுதான் படிப்பைவிடக் கடினமாக இருந்தது. ஊரிலிருந்து அன்னவாசலுக்கு நடை. அங்கிருந்து பஸ். யுத்த காலமானதால் பெட்ரோல் கிடையாது. பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதற்குள் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, ஒரு கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதுவார்கள். கரி முழுதாக எரிந்துவிடக் கூடாது. அரைகுறையாக எரிய வேண்டும். அப்போது வருகிற புகையில் எரியக்கூடிய வாயு இருக்கும். அது குழாய் வழியாக எஞ்சினுக்குப் போய், பெட்ரோலின் வேலையைப் பாதி பலத்தில் செய்யும். கரி ஈரமாக இருந்தால் பலம் இன்னும் குறையும். மேட்டில் பஸ் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

இதில் அடைக்கலத்துக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. காலையில் முதல் வகுப்பிலும், மத்தியானம் முதல் வகுப்பிலும் வருகை எடுப்பார்கள். விரிவுரையாளர் பெயரைக் கூப்பிட மாட்டார், எண்ணைக் கூப்பிடுவார். ‘ஒன்று’ என்றால் அடைக்கலம். கூப்பிட்டுத் தாண்டிய எண்ணுக்குத் திரும்பி வரமாட்டார். பஸ் தாமதமாகி நாலு பேர் சேர்ந்தாற்போல் ஓடிவந்தாலும், நாற்பதாம் எண்காரன் வாசலில் நின்றே குரல் கொடுத்துத் தப்பித்துக்கொள்வான். ஒன்றாம் எண்காரனுக்கு அரை நாள் போயிருக்கும். உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டாலும் அவன் வரவில்லை என்றுதான் கணக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்று கேட்டதை அப்பாவுக்குச் சொல்வான். சேவுகன் எழுத்தறியாதவர். ஆனால் எதுவானாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. கரி பஸ்ஸின் வேலையைக் கேட்டுவிட்டு, மறுநாள் அன்னவாசலுக்கே நடந்து போய்ப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். மடக்கை வாய்பாடு என்றால் என்ன என்று ஒரு நாள் அடைக்கலம் விளக்கினான். பெரிய எண்கள் இரண்டைப் பெருக்க வேண்டும். பெருக்குவது கஷ்டம், கூட்டுவது சுலபம். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கூட்டாளி எண்ணை எவனோ பொறுமைசாலி எழுதி வைத்திருக்கிறான். கூட்டாளிகள் இரண்டையும் கூட்டி, வந்த எண் எதற்குக் கூட்டாளி என்று திருப்பிப் பார்த்தால் விடை.

“அப்போ அந்த எண்ணு பேசாம இருக்கும், அதோட கூட்டாளி வேலை செய்யும்” என்றார் சேவுகன்.

“அதேதான் அய்யா.”

“நம்ம ஊர்ப் பெரிய பண்ணை மாதிரி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆடி மாதக் கடைசியில் சேவுகன் கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. வாய் கோணிப் பேச்சுக் குழறியது. வண்டியில் வைக்கோல் பரப்பிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். திருப்பிப் படுக்க வைக்க ஆண்பிள்ளை வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பார்த்தால் கல்லூரிக்குப் போகிற பையன்கள் தெரிவார்கள். அடைக்கலம் அவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியபோது ஆவணி பாதி போயிருந்தது.

திரும்பக் கல்லூரிக்குப் போன அன்று பழனிச்சாமி சன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

“வாத்தியாரே, ஒங்க வருகை ரொம்ப மெலிஞ்சு போச்சு. முக்கால் பங்கு இருந்தாத்தான் பரீச்சைக்குப் பேர் போகும். இனிமே பொறுத்துப் போற எடம் இல்ல. ஒரு வாரம் பத்து நாள்னு சேந்தாப்புல விட்டீங்கன்னா முடிஞ்சுது.”

“விடமாட்டேனுங்க.”

வேறு எதுவும் அவன் கேட்கவில்லை. முப்பத்தொரு வயதில் இடம் கொடுத்ததே பெரிது. மேற்கொண்டு சலுகை கேட்பதற்கு நாக்கு எழவில்லை.

வீட்டில் சேவுகன் நடுக்கூடத்தில் கட்டிலில் கிடந்தார். செவந்தி கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டியால் ஊட்டுவாள். அரிசி கிடைப்பது அரிதாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம், மகன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேவுகன் இடக்கையால் கட்டிலைத் தட்டினார். என்ன விஷயம் என்று அர்த்தம்.

அடைக்கலம் முக்கால் பங்கு விஷயத்தைச் சொன்னான். அவருக்கு விளங்கவில்லை. பரீட்சையில் நன்றாக எழுதினால் போதாதா, எத்தனை நாள் உட்கார்ந்தான் என்று எதற்காகப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அடைக்கலம் வாத்தியார் ஆயிற்றே. தெரியாத விஷயத்தைத் தெரிந்த விஷயத்தைக் கொண்டுதான் விளக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிப்போன வழி.

“நம்ம கெணத்து மொறை மாதிரிதான் அய்யா.”

அந்தக் கிணற்று முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். நாலு வீட்டுக்குப் பொதுவான கிணறு. கமலை பூட்டி இறைக்கிற கிணறு. மாடுகள் சரிவில் இறங்கும்போது தண்ணீர் நிரம்பிய தோல்சால் மேலே வரும். நாலு வீடும் ஒருவர்பின் ஒருவராக ஆளுக்கு ஒரு நாள் இறைப்பார்கள். இரவில் எவ்வளவு ஊறுகிறதோ அதுதான் மறுநாள்காரனுக்கு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை அந்த வீட்டார் மாடு பூட்டக் கூடாது. கொள்ளி வைத்தவன் ஊர் எல்லையையும் தாண்டக் கூடாது. அந்த வீட்டின் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தீட்டுக் கழிந்து வந்து, போன முறைகளைத் திருப்பிக் கொடு என்று கேட்க முடியாது. யாரும் கொடுமைக்காக மறுப்பதில்லை. அந்தத் தண்ணீர் வேறொருவன் வயலில் பாய்ந்து மண்ணுக்குள் போய்விட்டது. எங்கிருந்து திருப்பிக் கொடுப்பது?

அடைக்கலம் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய சித்திரையில் அவன் அம்மா இறந்தாள். கருமாதி முடிவதற்குள் நாலு முறை போய், பால் பிடிக்கிற பருவத்தில் இருந்த கேழ்வரகு நின்றபடியே காய்ந்தது. அந்த வருடம் கல்லூரிக்குப் போக முடியாமல் போனது அதனால்தான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் சேவுகன். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆகவே, கிணற்று முறை மாதிரி என்று மகன் சொன்னதும் சேவுகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“போன மொறை போனதுதான்?” என்று குழறினார்.

“போனதுதான்.”

“இனிமே எத்தன போனாத் தாங்கும்?”

“சேந்தாப்புல ஒரு வாரம் போனாத் தாங்காது.”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “லீவு நாளு?” என்றார்.

“அது கணக்குலயே வராது அய்யா. நம்ம அமாவாசை மாதிரி வச்சுக்கங்க. அன்னைக்கு யாரும் மாடு பூட்டுறதில்ல, யாரு மொறையும் இல்ல. லீவுல என்ன நடந்தாலும் யாருக்கும் கொறையாது. இப்போ தசரா லீவு வருதுல்ல, அதுபோல.”

“எத்தன நா?”

“மூணு வாரம் கிட்டத்தட்ட.”

“தாராளம்” என்றார் சேவுகன்.

அப்பா உடம்புக்கு முடியாமல் இருக்கும்போது தான் வீட்டில் இருக்க நாள் கிடைக்கிறதே என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டான் அடைக்கலம். நன்றாக விளக்கிவிட்டோம் என்ற திருப்திகூட அவனுக்கு இருந்தது.

புரட்டாசி பிறந்து சில நாளில் சேவுகன் கஞ்சியைக் குறைத்தார். முதலில் பாதி. பிறகு நாலு கரண்டி. பிறகு தண்ணீர் மட்டும். அடைக்கலம் விடிந்ததும் கிளம்பி, இருட்டும்போது திரும்புகிறவன். “அய்யா குடிச்சாரா?” என்று கேட்பான். “குடிச்சாரு” என்பாள் செவந்தி. கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும், கையைப் பிடித்தால் எலும்பு தட்டுப்பட்டதையும் அவன் கவனிக்காமல் இல்லை. வாதம் விழுந்த உடம்பு அப்படித்தான் வற்றும் என்று நினைத்தான். அல்லது அப்படி நினைத்துக்கொண்டான். புத்தகப் பையோடு வாசலில் நின்று ஒரு நாள் காலை தயங்கியபோது, கட்டிலிலிருந்து இடக்கை ஆடியது. போ, பஸ் போய்விடும் என்று விரட்டியது.

விடுமுறைக்குக் கல்லூரி மூடிய மறுநாள், விடிகிற நேரத்தில் சேவுகன் உயிர் போயிற்று.

கொள்ளி வைத்துவிட்டு வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அடைக்கலம் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். துக்கம் கேட்க வந்த பெண்களில் முத்துமாரியம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி, கிணற்றில் இன்னொரு பங்குக்காரி, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

“சேவுகண்ணன் இருந்தப்பவும் யாருக்கும் தொந்தரவு குடுக்கல. போறப்பவும் மவன் லீவைப் பாத்துப் போயிருக்கு பாருங்க. ஒரு நா முந்துச்சா, பிந்துச்சா?”

மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். அடுப்படி வாசலில் நின்ற செவந்தி உள்ளே போய்விட்டாள். அன்று முழுதும் அவள் வெளியே வரவில்லை.

கருமாதிக்குச் சில நாள் இருக்கும்போது, மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவன் மடியில் கணக்குப் புத்தகம் இருந்தது; பிரிக்கவில்லை.

“மச்சான், மாமா தானா சாகல.”

அவன் பார்த்தான்.

“வாயை மூடிக்கிட்டாரு. மொத நாளே எங்கிட்டச் சொல்லிட்டாரு. ‘அவன் லீவுக்குள்ள நான் போயிரணும் ஆத்தா, இல்லாட்டி இந்த வருசமும் போயிரும், ஒங்க அத்தை செத்தப்போ போன மாதிரி’ன்னாரு. நான் கத்துனேன். கால்ல விழுந்தேன். ஒங்ககிட்டச் சொல்லிருவேன்னேன். சொன்னா இப்பவே நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் போயிருவேன்னாரு.”

“நீ ஊட்டலையா?”

“ஊட்டாம இருப்பனா? பல்லைக் கடிச்சுக்கிட்டாரு. கரண்டியால நெம்பிப் பாத்தேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு. அதுக்கு மேல நெம்பலை.” அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “கஞ்சியைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில ஊத்துனேன். நெதமும் ஊத்துனேன். ஒங்ககிட்டக் குடிச்சாருன்னேன்.”

அடைக்கலம் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்துக் கீழே வைத்தான். பிறகு, “அவருக்கு யாரு சொன்னா, லீவுல செத்தாக் கணக்குல வராதுன்னு?” என்று கேட்டான்.

“நீங்கதானே சொன்னீங்க” என்றாள் செவந்தி. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்தான். “அமாவாசை மாதிரின்னு.”

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

“இனிமே ஒரு நா விடக்கூடாது மச்சான்” என்றாள் அவள்.

கருமாதி முடிந்து, இரண்டு நாள் கழித்துக் கல்லூரி திறந்தது. அடைக்கலம் மொட்டைத் தலையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாகராசு பின்னால் வந்து உட்கார்ந்து, “அண்ணே, பழனிக்கா போயிட்டு வந்தீங்க? பஞ்சாமிர்தம் எங்கே?” என்றான். மீசையும் இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தான். “தெரியாமக் கேட்டுட்டேன்ணே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அன்று முழுதும் குனியச் சொல்லாமல் பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்தே எழுதினான்.

இடைவேளையில் அலுவலகச் சன்னலைத் தாண்டும்போது பழனிச்சாமி கூப்பிட்டார்.

“என்ன வாத்தியாரே, தகப்பனாரா?”

“ஆமாங்க.”

“அடடா. எத்தன நாள் போச்சு?”

“ஒரு நாளும் போகலீங்க. லீவுலயே எல்லாம் முடிஞ்சுருச்சு.”

“அதுவும் நல்லதுதான்” என்றார் பழனிச்சாமி. வெற்றிலையை மடித்துக்கொண்டே தொடர்ந்தார். “போயிருந்தாலும் பெருசா ஒண்ணும் இல்லைன்னு வைங்க. சாவு, டைபாய்டு, அம்மை, இதுக்கெல்லாம் ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்தா முதல்வர் சிபாரிசு பண்ணி மெட்ராசுக்கு அனுப்புவாரு. கொறையுற நாளைத் தள்ளிக் குடுத்துருவாங்க. வருசா வருசம் நாலஞ்சு பேருக்கு நடக்கிறதுதான்.”

அடைக்கலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“தள்ளிக் குடுப்பாங்களா?”

“பெத்தவன் செத்ததுக்குக்கூடத் தள்ளலைன்னா அப்புறம் என்ன பல்கலைக்கழகம்?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க.”

“முன்னாடி சொன்னா ஒரு பய ஒழுங்கா வருவானா? தள்ளுற நாளையும் சேத்துக் கணக்குப் போட்டு சினிமாவுக்குப் போயிருவான். அதனாலதான் நாங்களாச் சொல்றதில்ல. கேட்டாச் சொல்லுவோம். நீங்க கேட்கலையே.” பழனிச்சாமி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “நீங்க பள்ளிக்கூடத்துல இருந்தவரு. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு விதியைக் கண்டால் அதன் தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிணற்று முறையின் தலைமாட்டில் இருப்பது தண்ணீர்; அதனிடம் போய்க் கேட்க முடியாது. கல்லூரி விதியின் தலைமாட்டில் ஒரு மேசையும், மேசைக்குப் பின்னால் ஓர் ஆளும் இருந்தார்கள். ஆளிடம் கேட்கலாம். வீட்டில் எவரும் இதுவரை அப்படி ஒரு விதியோடு பழகியதில்லை. அடைக்கலமும் பழகியதில்லை. இரண்டும் ஒன்று என்று அவன் அப்பாவுக்கு அவ்வளவு தெளிவாக விளக்கியிருந்தான்.

மத்தியான வகுப்பில் விரிவுரையாளர் ‘ஒன்று’ என்று கூப்பிட்டபோது நாகராசு முதுகில் தட்டினான். அப்புறம்தான் அடைக்கலம் குரல் கொடுத்தான்.

வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. செவந்தி முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு புடைத்திருந்தது. சாவு விழுந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசியில்லை என்பாள்.

“கெணத்தடியில முத்துமாரியக்கா பேசுறதை நிறுத்திருச்சு” என்றாள், துலக்குவதை விடாமல். “மாட்டுத் தொட்டியில கஞ்சி ஊத்துனதை அது பாத்துருக்கு. அடுத்த பங்குக்காரங்க வீட்டுல போய்ச் சொல்லியிருக்கு. மாமனாரைப் பட்டினி போட்டுக் கொன்னவள்னு பேர் வந்துருச்சு எனக்கு.”

“யாரு என்ன சொன்னாலும்...” என்று ஆரம்பித்தான் அடைக்கலம்.

“சொல்லட்டும். எதுக்குன்னு எனக்குத் தெரியும்ல.” இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “இன்னைக்கு ஆபீசுல கேட்டீங்களா? நாள் எல்லாம் சரியா இருக்காமா?”

அவன் புத்தகப் பையை இறக்கி வைத்தான். துண்டை எடுத்து மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டான். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஆயிற்று.

“கேட்டேன். சரியா இருக்குன்னாரு.”

“ஒரு நாளும் கொறையலையே?”

“கொறையலை.”

“அப்போ மாமா அப்புடிப் போகலைன்னா இந்த வருசம் போயிருக்கும்ல?”

“போயிருக்கும்” என்றான்.

செவந்தி தலையை ஆட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் சட்டி நகரும் சத்தம் கேட்டது. அவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஒரு கும்பாவில் கூழை ஊற்றி, வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பசித்தவள் சாப்பிடுகிற வேகம். பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்தாள்.

“நாளைக்கும் போயிருவீங்கள்ல?”

“போயிருவேன்” என்றான் அடைக்கலம்.